வாய்க்குக் காவல்

“இருநூறு இட்லி தின்னுட்டு, அரைமணி நேரம் ஏப்பங்கூட விடாம உக்காந்திருப்பேன்” என்று சடையாண்டி சொன்னதும், ஊர் இட்லிப் போட்டியில் ஏழு வருடமாகத் தோற்றறியாத இன்னாசி சிரித்த சிரிப்பில் பந்தல்கால் ஆடியது. “இருபதுலயே உன்னத் தூக்கிட்டுப் போவணும்டா!” சடையாண்டியின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து நாள் பிள்ளைக்குப் பாலில்லை. பரிசு ஒரு கறவை மாடு. தின்றான். ஊர் மாவெல்லாம் தீர்ந்து, பக்கத்து ஊர் மாவும் வந்து தீர்ந்தது. இட்லி அவித்தவர்களின் புருவங்கூட ஆவியில் வெந்துபோனது. கூடவே தின்ற இன்னாசி நூற்றுத் தொண்ணூறில் சாய்ந்தான்; சடையாண்டி இருநூறையும் முடித்தான்.

அந்தப் போட்டியில் தோற்றவன்தான் ஜெயித்தவனின் வாய்க்கு அரைமணி நேரம் காவல். வாய் திறந்தால் மாடு காவல்காரனுக்கு. முழங்கால் முட்ட எதிரே உட்கார்ந்து, இன்னாசி அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது நிமிடத்தில் சடையாண்டியின் மைத்துனன் ஓடிவந்தான். “அத்தான், அக்கா போயிட்டா! புள்ள மட்டுந்தான் இருக்கு!” சடையாண்டியின் கழுத்து நரம்புகள் தேர்வடமாகப் புடைத்தன. உதடு பிரியவில்லை. “அழுதுருடா, யாரு கேக்கப்போறா?” என்றான் இன்னாசி, மாட்டின் மடியை ஓரக்கண்ணால் பார்த்தபடி. கண்ணீர் மட்டும் வடிந்து எச்சில் இலையில் சாம்பாரோடு கலந்தது.

மணி அடித்தார்கள். மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அப்போதும் சடையாண்டி வாய் திறக்கவில்லை. இன்னாசி எழுந்து அவன் தாடையை இரண்டு கைகளாலும் பிடித்தான்.

“சொன்னதச் செஞ்சுட்டடா. நாந்தான் பாத்தேன். போதும், வாயத் தெறடா.”