யமுனா ஏறாத வண்டி

ஏர் ஹாரன் முதுகுக்குப் பின்னால் அலறியது.

அதே ரூட்டில் போட்டிக்கு ஓடும் மஞ்சள் வண்டி. பக்கக் கண்ணாடி முழுக்க அதன் முகம்தான்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவர் வழி விடவில்லை. கோமங்கலம் ஸ்டாப்புக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது. அங்கே அவருடைய மகள் நின்றுகொண்டிருப்பாள்.

நிற்பாள். ஏறமாட்டாள்.

ஒரு மாதமாக இதே கதை. அப்பா ஓட்டுகிற வண்டி வந்து நிற்கும். யமுனா நிமிர்ந்து பார்ப்பாள். சிரித்துக்கொண்டே கை காட்டுவாள். அப்புறம் பின்னாலேயே வரும் மஞ்சள் வண்டியில் ஏறி உடுமலைக்கு வேலைக்குப் போவாள்.

ஏன் என்று ஒருநாள் வீட்டில் கேட்டார். அந்த வண்டியில் பாட்டு நன்றாக இருக்கும் என்றாள். கோபமெல்லாம் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

இந்த ரூட்டில் ஜனங்கள் நேரம் பார்த்து ஏறுவதில்லை, பாட்டுக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவருக்கு அது தெரியாதா? ஆனாலும், பெற்ற மகள்.

அவருடைய கண்டக்டர் மயிலானந்தன் சும்மா இருப்பானா? விஷயம் பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் போதும், பாப்பாவுக்கு ஜன்னல் சீட் போட்டு வைத்திருக்கிறோம் என்று மஞ்சள் வண்டிக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

நேற்று மத்தியானம் காலி வண்டியில், கடைசி சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் இருந்த ஏஐயிடம் கேட்டார். சார் என்றுதான் கூப்பிட்டார். ஹிட் பாட்டாக இருபது சொல்லுங்கள் என்றார்.

சொன்னது. இருபதும் மஞ்சள் வண்டியில் ஓடுகிறவை.

இந்தப் பக்கம் யாரும் கேட்டிருக்கக் கூடாது என்றார்.

யாருக்காக என்று அது கேட்டது. மகளுக்கு என்றார். மகளுக்கு எந்த மாதிரிப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டது.

 

யமுனாவின் ரத்த குரூப் தெரியும். செருப்பு சைஸ் தெரியும்.

பாட்டு தெரியவில்லை.

கடைசியில், தெரிந்த ஒன்றைச் சொன்னார். அப்போது அவர் மலை ரூட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வயசு யமுனா அடம்பிடித்துக் கூடவே வருவாள். பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் கம்பளியை மடித்துப் போட்டுப் படுக்க வைப்பார். வண்டி செகண்ட் கியரில் மேடு ஏற ஆரம்பித்தால் தூங்கிவிடுவாள். சமதளம் வந்து கியரை மாற்றினால் போச்சு. கண்ணைத் திறந்துவிடுவாள்.

அந்தச் சத்தம் மாதிரி ஒரு பாட்டு உண்டா சார் என்று கேட்டார்.

நாலு பாட்டு சொன்னது. மூன்றாவது ஓடத் தொடங்கியதும் அவருடைய இடது கால் தானாகவே கிளட்சைத் தேடியது.

எங்கோ பாலைவன தேசத்துப் பாட்டு. ஒட்டகம் நடக்கிற நடையில் கிதார். கூடவே கைதட்டல். நடுவில் ஒரு பெண் குரல். ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்று தடவை கேட்டார்.

இதோ, ஸ்டாப் தெரிந்துவிட்டது.

அந்தப் பாட்டைப் போட பட்டனைத் தட்டினார்.

வண்டிக்குள் பேச்சு நின்றது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, இது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டாள். இன்னும் ரிலீஸ் ஆகவில்லை என்று மயிலானந்தன் முகம் மாறாமல் சொன்னான். சொல்லிவிட்டு வேகமாக முன்னால் வந்து அவர் காதருகே குனிந்தான்.

"ஏனுங்ணா, இருக்கற சனத்தையும் எறக்கி உட்டர்றதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் பிரேக்கை மிதித்தார்.

பச்சை சுடிதார். தோளில் பை. சிரிப்பு. வழக்கம்போல கை உயர்ந்தது.

பாதியில் நின்றது.

யமுனா இயர்போனை எடுத்தாள். ஒரு காதிலிருந்து. பிறகு இன்னொரு காதிலிருந்து.

மஞ்சள் வண்டி பின்னால் வந்து ஒட்டி நின்றது. அதிலும் பாட்டுத்தான். அவள் அதைப் பார்த்தாள். இதைப் பார்த்தாள்.

அவர் ரோட்டைப் பார்த்தார். ரோட்டை மட்டும் பார்த்தார்.

விசில் வரவில்லை. மயிலானந்தன் மறந்திருந்தான். அவன் விரல்கள் தோல்பையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

முன்படியில் செருப்புச் சத்தம்.

ஹாரனை அடித்துக்கொண்டு மஞ்சள் வண்டி முந்திப் போனது. போகட்டும்.

உள்ளே சீட் நிறைய இருந்தது. அவள் உள்ளே போகவில்லை. அவர் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

விசில் கேட்டது. ஃபர்ஸ்ட் கியர். செகண்ட்.

பூக்கார அம்மாவின் தலை ஆடத் தொடங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு தலைகள். பாலைவனத்துக்காரி பாடினாள். இன்ஜின் கூடவே முனகியது. எது பாட்டு, எது வண்டி என்று அவருக்கே பிடிபடவில்லை.

முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அவர் கை கியர் கம்பிக்குப் போனது.

யமுனா கண்ணைத் திறக்கவில்லை.

"செகண்ட்லயே போங்கப்பா."