வாண்ணே

“‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லாதவன் வீட்டுக்கு நான் எதுக்கும்மா வரணும்?”

கார் கிளம்பி மூன்று நாளாகிறது. இதை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

“இதோட பதினேழு,” என்றாள் மகள், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான் பின் சீட்டில், அவளுக்கு நேர் பின்னால் இருந்தேன். முன்னால் உட்கார்ந்தால் என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய கால்.

“ஒரு பகல்ல போற தூரம். நீ உருட்டிக்கிட்டு இருக்கே.”

“இதே ரோட்டுலதானே இத்தனை வருஷம் ஓட்டினீங்க? அதோ தெரியுதே, அந்த ஏரியை எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை.

முதல் நாள் அக்கா வீடு. இரண்டாம் நாள் மச்சான் வீடு. கடைசியில் தம்பி வீடு என்பதை, திரும்பிப் போக முடியாத தூரம் வந்த பிறகுதான் சொன்னாள்.

“சித்தப்பாதான் கூப்பிட்டார்ப்பா. நீங்க ரிட்டையர் ஆன மறுநாளே போன். ‘ஆயாச்சா? நிஜமா ஆயாச்சா?’ன்னு ரெண்டு தடவை கேட்டார்.”

“பாத்தியா? யூனிபார்மைக் கழட்டினதும் இளப்பம்.”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி மகளுக்குக் கல்யாணம். டிப்போ மேனேஜர், செக்கர், கண்டக்டர்கள் என்று என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அவர்களுக்கெல்லாம் கும்பிட்டு ‘வாங்க வாங்க’ என்றான் தம்பி. என்னை மட்டும், முகத்தைக்கூடப் பார்க்காமல், தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போனான்.

அங்கேயே சத்தம் போட்டேன். “கூடப்பிறந்தவனை வான்னு சொல்ல வாய் வரலையாடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “மறந்துட்டேண்ணே,” என்றான். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். நான் கை நனைக்காமல் திரும்பினேன்.

அப்புறம் போன் செய்தான், எடுக்கவில்லை. லெட்டர் போட்டான், பிரிக்காமலே கிழித்தேன். வீட்டுக்கு வந்தான், இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

மகள் தெருவின் எதிர்ப்பக்கம் காரை நிறுத்தினாள்.

“இறங்குங்கப்பா.”

“நீ பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்.”

தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். இளைத்திருந்தான். என் ஜன்னல் வரைக்கும் வந்தவன், என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

“பாத்தியாம்மா? இன்னிக்கும் அதே கதைதான். வண்டியை எடு!”

மறுபக்கத்துக் கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வாண்ணே,” என்றான்.

“ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வாய் வந்துச்சா?”

“அன்னிக்கும் சொன்னேண்ணே. உன் கேக்காத காதுப் பக்கம் நின்னு சொல்லிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரைவர் ஜன்னல் பக்கத்து வலது காது. லாரி ஹாரன்களைக் கேட்டுக் கேட்டே போய்விட்ட காது. தெரிந்தால் அன்றைக்கே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பெற்ற மகளிடம்கூட மூச்சு விட்டதில்லை.

“உனக்கு யாருடா சொன்னது?”

“கூடப்பிறந்தவனுக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா?”

“அப்ப அங்கயே சொல்ல வேண்டியதுதானே? ஊரே ஏசிச்சே, ஏண்டா ‘மறந்துட்டேன்’னு நின்னே?”

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சுத்தி நின்னது பூரா உன் டிப்போ ஆளுங்க. உனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருந்துச்சேண்ணே.”