மடிப்புக் கலையாத புடவை

"வூடே காத்துல போச்சாம். ஆனா தலைக்கு மட்டும் தினம் மல்லி கேக்குது," என்றாள் சுகுணா, மாடிப்படியில் நின்றபடி.

கீழே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள் தமிழ்செல்வி. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் சுகுணா வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில், கடைசி வீட்டு ஆனந்தின் அக்கா. வேதாரண்யம் பக்கம் ஏதோ கடலோர ஊர். புயல் கூரையையும் சுவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போன பிறகு, தம்பி போய் அழைத்து வந்து இங்கே விட்டான். விட்ட கையோடு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் ஊருக்கே ஓடினான். நிவாரண க்யூவில் நிற்கப் போயிருக்கிறான் என்பது சுகுணாவின் தீர்ப்பு. அவள் தீர்ப்புக்கு அந்தத் தெருவில் மேல்முறையீடு கிடையாது.

அதே புயல் ஓசூருக்கும் வந்தது, வெறும் தூறலாக. மொட்டை மாடியில் சுகுணா போட்ட வடகம் காயவில்லை. அந்தச் சேதத்தையே ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிப் புலம்பியவள் அவள்.

"நெத்தியில பொட்டப் பாத்தியா, எவ்ளோ பெருசுன்னு? வூடு போன பொம்பள மாதிரியா கீது? புருசன் எங்கம்மான்னு கேட்டா, 'பின்னாடி வருவாரு'ன்றா. ஆம்பளைங்க அங்க க்யூவுல, இது இங்க சீவிச் சிங்காரிச்சிக்கினு."

"ஹௌதா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா. யார் எதைச் சொன்னாலும் கன்னடத்தில் 'அப்படியா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, கருத்துச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வாள். சுகுணாவுக்கு அவளைவிடத் தோதான தோழி வாய்க்காது.

தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எதிர்வீட்டு ரஞ்சிதாதான் ஆரம்பித்து வைத்தாள். புயலில் பாதித்த குடும்பம் நம் தெருவுக்கே வந்திருக்கிறது, உதவுவோம் என்று வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளோடு போட்டிருந்தாள். உதவி குவிந்தது. பட்டன் போன நைட்டி, சாயம் போன சுடிதார், நடுவில் கிழிந்த போர்வை. தரை துடைக்கக்கூட லாயக்கில்லாததையெல்லாம் புயலின் பேரைச் சொல்லித் தலைமுழுகினார்கள். ஒவ்வொரு கந்தலுக்கும் ஒரு போட்டோ வேறு. தமிழ்செல்வி ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி, துவைத்து, கொடியில் காயப்போட்டாள்.

சுகுணாவுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்காரி அவள் குத்துக்கல்லாக இருக்க, புண்ணியவதி என்று பேர் வாங்குவது ரஞ்சிதாவா? அன்று காலையிலேயே பாகலூர் ரோட்டுக் கடைக்குப் போய், அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அது புதுசு என்று போட்டோவில் எப்படித் தெரியும்?

"பழசக் குடுத்துப் புண்ணியம் தேடுறாளுங்க. குடுத்தா இப்பிடிக் குடுக்கணும்," என்று செல்போனைச் சாந்தம்மாவின் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

தமிழ்செல்வி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுகுணா உறையைப் பிரித்ததும் அவள் முகம் மாறிப்போனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிகு பண்ணுகிறாள் என்று சுகுணா நினைத்தாள். வாங்கிக்கோ, வெட்கப்படாதே என்றாள். தமிழ்செல்வி கையை நீட்டவேயில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

அதற்குள் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்துவிட்டன. ரஞ்சிதாவின் தலையும் அதில் இருந்தது. இனித் திரும்பிப் போனால் மானம் கப்பலேறிவிடும். சுகுணா புடவையின் மடிப்பை உதறினாள். கட்சிக் கூட்டத்தில் பிரமுகருக்குச் சால்வை போர்த்துவதுபோல் அதை அப்படியே தமிழ்செல்வியின் தோளில் போர்த்தி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எடு, சாந்தம்மா."

போட்டோ எடுக்க நேரம் இருக்கவில்லை. தேள் கொட்டியவள்போல் துள்ளி, புடவையைப் பிடுங்கி எறிந்தாள் தமிழ்செல்வி. அது போய்ச் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. ரஞ்சிதாவின் வாசலில் யாரோ சிரித்தார்கள்.

சுகுணாவுக்குத் தலைக்கேறியது. "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறியா? கண்டவ குடுத்த கந்தல் இனிக்குது, நான் குடுத்த புதுசு மட்டும் கசக்குதா? மகாராணிக்குப் பட்டுதான் வேணுமோ? உன் தம்பி வரட்டும், இந்த மாசமே வூட்டக் காலி பண்ணச் சொல்றேன்."

தமிழ்செல்விக்கு மிச்சமிருந்த ஒரே கூரை அது. இப்போது காலில் விழுவாள் என்று சுகுணா எதிர்பார்த்தாள். அவள் குனிந்தது புடவையை எடுக்கத்தான். பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்து அலசிப் பிழிந்து, நாலாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்க ஊருல புருசன் செத்தாத்தான்க்கா பொம்பள தோள்ல புதுப்புடவை போத்துவாங்க. கடலுக்குப் போனவரு இன்னும் கரை சேரல, தம்பி தேடிக்கிட்டுத்தான் இருக்கான்... நீங்க கட்டுன பழசு இருந்தா குடுங்கக்கா."