நன்றியுரைக்கு இரண்டு நிமிடம்

"இறுதியாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன்" என்று ஊர்த் தலைவர் சொன்னது இது நான்காவது முறை.

இளைஞர் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குப் பொதுப்பணித்துறை அதிகாரி கிளம்பிவிடுவார்.

மேடையில் தொங்கிய பேனரில் 'இளைஞர் தலைமையில் ஏரி காப்போம்' என்று ஆளுயர எழுத்து. பேனருக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஆக இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

இளைஞர்கள் பதினொரு பேரும் சுவரோரம் நின்றார்கள். நாற்காலி போதவில்லையாம். வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்திருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு மாதம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை அடி அடியாக அளந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். நாலு கிலோமீட்டரில் மூன்று இடத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்தவர்களும் இவர்கள்தான். அதிலும் தையற்காரர் மகள், பதினேழு வயது, அப்பாவின் இஞ்ச் டேப்பைக் கேட்காமல் எடுத்துப்போய் முள்ளில் கிழித்துவிட்டு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அதிகாரி இன்று தலையாட்டினால் கால்வாயைத் திறந்துவிடலாம். இல்லாவிட்டால் இந்த வருடமும் ஏரிக்குள் ஆடுதான் மேயும்.

நிகழ்ச்சி நிரலில் தையற்காரர் மகளின் பேச்சு மூன்றாவதாக இருந்தது. தலைமையாசிரியர் தன் வாலிப காலத்தை இருபத்தைந்து நிமிடம் சொன்னதில் அது ஐந்தாவதானது. செங்கல் சூளைக்காரர் எழுந்து, இளைஞர்கள்தான் ஊரின் முதுகெலும்பு என்று ஆரம்பித்ததும் அது ஏழுக்குப் போனது.

முதுகெலும்பு சுவரில் சாய்ந்து கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஊராட்சி அலுவலகக் கிளார்க் குனிந்தபடியே வந்து ஒருங்கிணைப்பாளர் காதில் கிசுகிசுத்தார். "பாப்பாவை நன்றியுரைக்குப் போட்டாச்சு மேடம். ரெண்டே நிமிஷம். சாப்பாடு வேற ஆறுது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஊரில் ஒரு பெரிய மனிதருக்காவது வாயை மூடத் தெரியாதா? ஒரு சின்னப் பெண் தன் வாயால் நாலு வார்த்தை பேசினால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும்?

தையற்காரர் மகள் மேடையேறினாள். தலைவரின் உயரத்துக்கு இருந்த மைக்கை இழுத்து இறக்கினாள். அது வீல் என்று கத்தியது. அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அதிகாரியும் கைப்பையை எடுத்துவிட்டார்.

அவள் நன்றி சொல்ல ஆரம்பித்தாள்.

தலைவருக்கு நன்றி. முதல் அடைப்பு அவருடைய தோட்டத்து வேலி. கால்வாய்க்குள் ஒன்பது அடி வந்திருக்கிறது. அளக்கப் போன அன்று நாயைக் கட்டிப்போட்டாரே, அதற்காக.

தலைமையாசிரியருக்கு நன்றி. இடித்த பள்ளிச் சுவரின் கல்லெல்லாம் கிடப்பது இரண்டாவது இடத்தில். வெயிலையும் பார்க்காமல் அவரே கூட வந்து காட்டினார்.

சூளைக்காரருக்கு நன்றி. மூன்றாவது இடத்தில் லாரி போக அவர் கொட்டிய மண் பதினெட்டு அடி அகலம். அவர்கள் அளந்து முடிக்கும்வரை இரண்டு லாரியை நிறுத்திவைத்தார்.

குரலில் குத்தல் இல்லை, கேலி இல்லை. செய்த உதவிக்கு நன்றி சொல்லும் பிள்ளையின் குரல்தான்.

நாற்காலிகள் நகரும் சத்தம் நின்றுபோனது. தலைவர் பேனரைத் திரும்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுத்துப் பிழை இருப்பதுபோல. அதிகாரி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

ஒருங்கிணைப்பாளருக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து ஏறியிருந்த எரிச்சலெல்லாம் இறங்கி, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள்.

"கடைசியா எங்க அக்காவுக்கு நன்றி" என்றாள் தையற்காரர் மகள், ஒருங்கிணைப்பாளரை நேராகப் பார்த்து. "நான் இன்னைக்குப் பேச வேண்டியதை அவங்களே மூணு பக்கம் எழுதிக் கொடுத்தாங்க. பத்து நாளா தினம் சாயங்காலம் ஒப்பிக்க வச்சாங்க. ஒரு வார்த்தையும் மாத்தக் கூடாதுன்னாங்க. ரெண்டு நிமிஷம்தான்னு சொல்லிட்டதால அதைப் பேச முடியல. மன்னிச்சுக்கங்க அக்கா."

கைதட்டல் எழுந்தது. சுவரோரத்திலிருந்துதான் முதலில்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். ஒன்பது அடி என்பதை எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

பதில் சொல்ல எழுந்து நின்றது ஒருங்கிணைப்பாளர்.