பஸ்ரியனைப் பற்றிய குறிப்புகள்

பஸ்ரியன் சிரித்தால் எந்தப் பக்கத்துப் பல் முதலில் தெரியும் என்று நிறோஜன் கேட்டான்.

பெற்றிசியா நாளைப் பூசைக்கு உடுக்கும் சேலையை மேசையில் விரித்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, இடப்பக்கத்து உடைந்த பல் என்றாள்.

நிறோஜன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பஸ்ரியன் அவளுடைய முதல் புருஷன். தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து கடலுக்குப் போனவன் திரும்பி வராமல் பதினொரு வருடமாகிறது. மூன்று வருடம் பொறுத்து அவளைக் கலியாணம் முடித்தவன் நிறோஜன். பஸ்ரியனின் கூட்டாளியாகவும் இருந்தவன்.

நாளைக்கு நவம்பர் முதலாம் திகதி. முப்பது நாளுக்குள் ஐம்பதாயிரம் சொல்லில் ஒரு நாவலை எழுதி முடிக்க வேண்டும். இணையத்தில் ஒரு குழு நடத்தும் சவால் அது. ஒக்டோபர் முழுவதும் குறிப்பெடுக்கலாம், அட்டவணை போடலாம், யாரிடமும் எதையும் கேட்டறியலாம். நாவலில் மட்டும் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

நிறோஜன் இதுவரை எதையும் எழுதி முடித்ததில்லை. வேலை பார்க்கும் கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களை எழுதிக் கொடுப்பான். சொந்தக் கதைகள் ஏழெட்டு, பாதியில் நின்று அலுமாரிக்குள் கிடந்தன. இந்த முறை முடிக்கக்கூடிய கதை ஒன்று கையில் இருந்தது. கடலில் போன ஒரு நல்ல மனிதனின் கதை.

மாதமும் பொருத்தமாக வந்தது. நாளை மறுநாள் இறந்தோர் நினைவுநாள், ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். பஸ்ரியனுக்குக் கல்லறை இல்லை, உடல் கிடைக்கவில்லை. 'இந்த நாவல்தான் என் நண்பனுக்கு நான் கட்டும் கல்லறை' என்று நிறோஜன் குழுவில் எழுதியபோது முப்பத்தாறு பேர் இதயம் போட்டார்கள்.

பஸ்ரியனைப் பற்றி முதலில் கேட்டபோது பெற்றிசியா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "அவருக்குப் புளி கூடினால் பிடிக்காது" என்றாள்.

பிறகு அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

கோயிலில் எல்லோரும் பாடி முடித்த பிறகும் பஸ்ரியன் ஒரு வரி பிந்திப் பாடுவானாம். மழை நாளில் தன் சாரத்தை எடுத்து அவள் காலில் போர்த்திவிடுவானாம். வயிற்றில் குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து, அவளுக்குத் தெரியாது என்று நினைத்து அழுதானாம்.

சொல்லச் சொல்ல அவள் முகம் இளகியது. எட்டு வருடத்தில் தன்னோடு அவள் இவ்வளவு கதைத்ததில்லை என்பது கொப்பியின் நாற்பதாம் பக்கத்தில்தான் நிறோஜனுக்கு உறைத்தது.

கசந்தது. செத்தவனோடு என்ன போட்டி என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழுதினான்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தான். நாளுக்கு ஓர் அத்தியாயம். இருபத்திரண்டாம் நாள் பெருங்காற்று. இருபத்து மூன்றில் ஆளில்லாத படகு. இருபத்தெட்டில் ஒருவன் அந்த விதவையை முதன்முதலாகப் பார்க்கிறான்.

பெற்றிசியா மினுக்குவதை நிறுத்திவிட்டு அதைக் கடைசிவரை வாசித்தாள்.

"ஒரேயொரு கேள்விதான் மிச்சம்," என்றான் நிறோஜன். "கடைசி நாள் விடிய அவன் என்ன சொல்லிப்போட்டுப் போனவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ர ஃபோனை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"என்னத்தை?"

"உங்கட மெசேஜை. 'அவன் கடலுக்குப் போனாப் பிறகு பத்து மணிக்கு வாறன்' எண்டு போட்டிருந்தீங்கள்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள். அந்தச் சத்தம் கீரிக் கடற்கரைப் பக்கமாகப் போய் அடங்கியதும் நிறோஜன் கொப்பியை மூடினான்.

"அவனுக்குத் தெரியுமோ?"

"வாசிச்சிட்டு ஃபோனை மேசையில வைச்சவர். தேத்தண்ணி கேட்டவர். குடிச்சிட்டுப் போயிட்டார்." அவள் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "அண்டைக்குக் காத்தே இல்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வலையை வாசல்ல வைச்சிட்டு வெறும் படகோட போனவர். நீங்கள் அந்த வலையைக் கடந்துதான் உள்ளுக்கு வந்தனீங்கள்."

வலையை அவன் கண்டிருந்தான். மீனவர் வீட்டு வாசலில் வலை கிடப்பது ஒரு புதுமையா?

அந்தப் பத்து மணி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். அவனுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். போக எழும்பியபோது, இன்னும் கொஞ்சம் இருங்கோ என்று கையைப் பிடித்தாள். ஒருநாளும் அப்படிக் கேட்காதவள். அவன் பின்னேரம் மூன்று மணிவரை இருந்தான்.

பிறகு நான்கு நாள் ஊரே கடலில் தேடியது. முதற்படகில் ஏறி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனவன் நிறோஜன்தான். அதற்காகவே ஊர் அவனை மதித்தது.

"நான் வந்த உடனேயே நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றான்.

பெற்றிசியா சேலையை நான்காக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தால் நீங்கள் அவரைத் தேடிப் போயிருப்பீங்கள்."