விடுபட்ட தையல்

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் துணிமூட்டைகளைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கோட்டைத் துரை கேட்டால் அதேபோல முழ நீளத்தில் பொம்மைப் படகு செய்து கொடுப்பார் தச்சர் சிங்காரம். பொம்மையில் மட்டும் ஒரு தையலைப் போடாமல் விட்டுவிடுவார். முழுதாகத் தைத்தால் அது ஆள் கேட்கும். இதை அவர் வீட்டில் சொன்னதில்லை.

இந்த முறை பொம்மையாகச் செய்தது மருமகன் ராஜவேலு ஓட்டும் படகை. அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, மகள் வேலம்மா காலையில் அந்தத் தையலைப் போட்டுவைத்தாள்.

மதியம் முகத்துவாரத்தில் நிஜப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் கரையேறினார்கள். ராஜவேலு வரவில்லை.

மாடத்திலிருந்த பொம்மையில் விரற்கடை உயரத்துக்கு உப்புத்தண்ணீர் நின்றது. அந்தத் தையலை ஏன் விடுவார் என்பதை அப்போதுதான் சிங்காரம் மகளிடம் சொன்னார்.

“நான்தானே தச்சேன் நைனா, நானே அறுத்துடறேன்” என்று வேலம்மா கத்தியோடு வந்தாள்.

சிங்காரம் குனிந்து பொம்மைக்குக் காது கொடுத்தார். கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு கொட்டும் சத்தம் கேட்டது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

“அறுத்தா முழுகிடும்மா. மாப்ள இன்னும் எறச்சினு கீறாரு.”

வேலம்மாவும் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையில் கொட்டாங்குச்சிச் சத்தம் இல்லை; அவள் மட்டும்தான் இறைத்துக்கொண்டிருந்தாள்.