கல்லாத்தா

"ஆத்தா குடியிருக்கற எடமுங்க இது. ரயிலு உடோணும்னா எங்களத் தாண்டித்தானுங்க உடோணும்."

சின்னண்ணன் அடித்துச் சொன்னதும் ரயில்வே இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்குக் கல்லாத்தா மஞ்சளும் எண்ணெயும் அப்பிக்கொண்டு நின்றாள். வரைபடத்தில் போட்டிருந்த ரயில் பாதை சரியாக அவள் தலைமேல் போனது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வள்ளியாத்தாள் எக்கி எக்கி அந்த வரைபடத்தைப் பார்த்தாள். சின்னண்ணனின் அண்ணன் மனைவி அவள். நிலம் போய்விடும் என்று ஊரே ரயிலை வெறுக்க, சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ரயில் ஓடவேண்டும் என்று ஏங்கிய ஒரே ஜீவன்.

எல்லாம் மகள் சாரதாமணிக்காகத்தான். அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு ரயில்வே உத்தியோகம். மகா கஞ்சன். இலவச பாஸ் செல்லுகிற ஊருக்குத்தான் பெண்டாட்டியைக் கூட்டிப்போவாராம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மாமியார் வீட்டுக்கு வருவது அவர் வம்சத்திலேயே கிடையாதாம். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் கோயமுத்தூர் போகும்போது, வள்ளியாத்தாள் சேலம் ஜங்ஷனுக்கு ஓடி, ஜன்னல் கம்பி வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொள்வாள். பேத்தியின் கன்னத்தைத் தொடுவதற்குள் ரயில் நகர்ந்துவிடும்.

"நம்மூருக்கு ரயிலு வந்துட்டா, ஊட்டுக்கே வந்து பத்து நாளு இருந்துட்டுப் போறேம்மா" என்று போன தடவை மகள் அழுதாள்.

இன்ஜினீயர் பொறுமைசாலி. சுதந்திரம் வந்த புதிதில் ரயில் பாதைக்கென்று அளந்து நட்ட கற்களெல்லாம் எங்கே என்று கேட்டார். ஊர் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. சில வருஷங்களுக்கு முன் ரயில் பேச்சு மறுபடி கிளம்பியதுமே, நிலம் தப்பட்டும் என்று எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அவற்றைப் பிடுங்கிக் கிணற்றில் தள்ளியது அவருக்கு எப்படித் தெரியும்?

"ஆத்தாளக் கொஞ்சம் தள்ளி வெச்சுக் கும்புடலாமுங்களே" என்றாள் வள்ளியாத்தாள் தயங்கித் தயங்கி.

சின்னண்ணன் திகைத்துத் திரும்பினான். "நங்கையா, தெனமும் வெளக்குப் போடறவங்க, நீங்களே இப்படிச் சொல்லலாமுங்களா?"

கூட்டத்திலிருந்து முன்னால் வந்த செல்லாயி தன் பெண் குழந்தையைக் கல்லின் முன்னால் கிடத்தினாள். பத்து வருஷம் பிள்ளையில்லாதவளுக்கு ஆத்தா கொடுத்த குழந்தையாம் அது. அதைப் பார்த்ததும் வள்ளியாத்தாளுக்கு நாக்கு நுனிவரை வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

வேறு வழியில்லை, இந்தப் பாதை ஆகாதென்று மேலே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இன்ஜினீயர் ஜீப்பில் ஏறினார். ஊர் சந்தோஷமாகக் கலைந்தது.

வள்ளியாத்தாள் மட்டும் கல்லின் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாக் கல்லையும் புடுங்கறாங்களே, நீ ஒண்ணாவது நில்லுன்னுதான அன்னைக்கு யாருக்கும் தெரியாம உனக்கு மஞ்சளப் பூசுனேன். ரயிலுக்கு நட்ட கல்லு, நீயே ரயில மறிச்சுப்போட்டயே, சாமி."